கோடியக்கரையில் நடந்து பார்க்க வேண்டியவை: பொங்கல் விடுமுறைப் பயணத்திற்கு ஒரு விரிவான பதில்

கும்பகோணத்தில் இருக்கும் ஓர் அன்பர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: கல்லூரியில் படிக்கும் மகளையும் எழுபது வயதைக் கடந்த அப்பாவையும் அழைத்துக்கொண்டு, பொங்கல் விடுமுறையை ஒட்டி இரண்டு இரவுகள் தங்கும்படி கோடியக்கரைப் பக்கம் போக எண்ணுகிறார். இதுவரை கொல்லிமலை, கொடைக்கானல் என்று மலைகளில்தான் நடந்திருக்கிறார்கள். கஜா புயலுக்குப் பிறகு அங்கே பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா, எங்கே எப்போது நடப்பது, பெரியவரால் முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

தாராளமாகப் போகலாம், பெரியவரையும் அழைத்துச் செல்லலாம். ஆனால் மலையில் நடந்து பழகியவர்கள் இங்கே வரும்போது பயணத்தைத் திட்டமிடும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டும். மலையில் எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம் என்று கணக்கிடுகிறோம். கோடியக்கரையிலோ மிக உயரமான இடமாகிய ராமர் பாதமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர்தான். ஏற்றமும் இறக்கமும் இல்லாத இந்தத் தரையில் நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர். அந்த ஆண்டு எவ்வளவு மழை பெய்தது, சதுப்பில் எத்தனை விரல் ஆழம் நீர் நிற்கிறது, அது எவ்வளவு உப்பாக இருக்கிறது, காற்று அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பவற்றைப் பொறுத்தே பறவைகள் இடம் மாறுகின்றன. ஆகவே அதிகம் நடப்பவரைவிட, சரியான இடத்தில் சரியான நேரத்தில் நிற்பவருக்கே இங்கே நிறையக் கிடைக்கும்.

இடத்தின் அமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தெற்கு நோக்கி வரும் சோழமண்டலக் கரை கோடியக்கரையில் ஏறக்குறைய செங்கோணமாக மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. கரையோரமாக மணல் மேட்டின் மீது காடும் புல்வெளியும். அதற்கு மேற்கே முத்துப்பேட்டை வரை நீளும் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. வெளிமான்களைக் காப்பதற்காக 1967-இல் இங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காடு, சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு (உப்புநீர்ச் சேற்றில் வளரும் மாங்குரோவ் காடு) எல்லாம் சேர்ந்த ஏறத்தாழ 385 சதுர கிலோமீட்டர் பரப்பு 2002-இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் காக்கும் ஒப்பந்தத்தின் பட்டியலில், ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் இடம் இதுதான். வேதாரண்யத்திலிருந்து கோடியக்காடு வழியாகக் கோடியக்கரை செல்லும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சாலை, இந்தக் காட்டுக்கும் சதுப்புக்கும் நடுவே போகிறது என்பதை நினைவில் வைத்தால், பிறகு சொல்லப்போகும் நேரக் கணக்கு எளிதாக விளங்கும்.

பொங்கலை ஒட்டிய நாட்கள் நல்ல தேர்வு. வலசைப் பறவைகள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வரத் தொடங்கிவிடும் என்றாலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் சதுப்பு நிரம்பித் தளும்பும்போது உள்ளான்கள் எனப்படும் குட்டைக்கால் கரைப்பறவைகளுக்கு நிற்க இடமிருக்காது. மழை ஓய்ந்து, நீர் மெல்ல வடிந்து, சேற்றுத் திடல்கள் வெளியே தெரியத் தொடங்கும் மார்கழிப் பிற்பகுதியும் தை மாதமும்தான் அவற்றுக்கு விருந்துக் காலம். தை அமாவாசை நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று கோடியக்கரையில் புனித நீராடும் கடல்துறையான ஆதிசேதுவில் நீராடவும் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யவும் பெருங்கூட்டம் கூடும். சாலை முழுவதும் வாகனங்களாக இருக்கும். மான்கள் உள்ளே ஒதுங்கிவிடும். காணும் பொங்கலன்றும் கூட்டம் உண்டு. அதற்கு அடுத்த நாள் தொடங்கி இரண்டு நாட்கள் கிடைத்தால் சிறப்பு.

காலையைச் சதுப்புக்கும் மாலையைப் புல்வெளிக்கும் ஒதுக்குங்கள். இதற்குக் காரணம் வெயில்தான். சதுப்பு சாலைக்கு மேற்கே இருப்பதால், காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும். பறவையின் நிறமும் அலகின் வளைவும் தெளிவாகத் தெரியும். அதே இடத்தில் மாலையில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகவே தெரியும். ஒன்பதரை, பத்து மணிக்குமேல் ஈரச் சேற்றின் மீது கானல் ஆடத் தொடங்கிவிடும். அதன் பிறகு எவ்வளவு நல்ல தொலைநோக்கி இருந்தாலும் பயன் குறைவு. எனவே ஆறு மணிக்கே சதுப்போரம் இருப்பதுபோல் கிளம்புவது நல்லது. 8 மடங்கு பெருக்கும் சாதாரண இருகண் நோக்கி ஆளுக்கொன்று இருக்கட்டும். ஒன்றை மூவர் மாற்றி மாற்றிப் பார்த்தால் பறவை பறந்துவிடும். முக்காலியில் பொருத்தும் ஒற்றைக்கண் தொலைநோக்கி கிடைக்குமானால் பூநாரை (ஃப்ளமிங்கோ) பார்க்க அது பேருதவி.

பூநாரை பற்றிச் சற்று விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அதற்காகவே வந்து ஏமாந்து திரும்புகிறார்கள். படங்களில் காண்பதுபோல் கைக்கெட்டும் தொலைவில் இளஞ்சிவப்புக் கூட்டம் நிற்கும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அவை சதுப்பின் உட்பகுதியில், கரையிலிருந்து வெகு தொலைவில், வெள்ளைக் கோடுபோலத்தான் தெரியும். பறக்கும்போது சிறகின் உட்புறச் சிவப்பும் கறுப்பும் பளிச்சிடும். சாம்பல் கழுத்தோடு மங்கலாக நிற்பவை இளம் பறவைகள். அவை சேற்றைக் காலால் மிதித்துக் கிளறி, அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி, உள்ளே இழுத்த நீரை வடிகட்டி வெளியேற்றி, சிற்றிறால்களையும் புழுக்களையும் பாசியையும் மட்டும் வைத்துக்கொள்கின்றன. அந்தச் சிற்றிறால்கள் உப்பு கூடிய நீரில்தான் பெருகும். மழை மிகுந்த ஆண்டில் சதுப்பு ஆழமாகவும் உப்புக் குறைந்தும் இருக்கும். அப்போது பூநாரைகள் தாமதமாக வரும், அல்லது வேறிடம் போய்விடும். ஆகவே கிளம்பும் முன் வனத்துறையினரிடமோ அங்குள்ளவர்களிடமோ சதுப்பில் நீர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பூநாரை வந்திருக்கிறதா என்று கேட்பதைவிட அந்தக் கேள்விக்கே பயனுள்ள பதில் கிடைக்கும்.

உப்பின் கணக்கு உப்பளங்களிலும் அப்படியே தெரியும். அகத்தியம்பள்ளியில், 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி தலைமையில் வந்த தொண்டர்கள் தடையை மீறி உப்பு அள்ளினார்கள். அந்த வட்டாரம் இன்றும் உப்பளங்களால் நிறைந்தது. கடல் நீரை முதலில் தேக்கும் பெரிய பாத்திகளில் மீன் இருக்கும், அதனால் கூழைக்கடாவும் ஆலாக்களும் நீர்க்காகங்களும் அங்கே கூடும். நீர் ஆவியாகி உப்பு ஏறிய அடுத்த பாத்திகளில் மீன் இராது, சிற்றிறால் இருக்கும். அங்கே நெடுங்கால் உள்ளான்களைக் காணலாம். உப்பு பூத்து வாரும் நிலையிலுள்ள பாத்திகளில் ஏறக்குறைய எதுவும் இராது. இதைத் தெரிந்துகொண்டால் எந்த வரப்பின் ஓரத்தில் நிற்க வேண்டும் என்பது தானே புரியும். ஆனால் அவை பிறருடைய தொழிலிடம். கேட்காமல் வரப்பில் ஏறுவது முறையல்ல.

உங்கள் மகளுக்கு நான் பரிந்துரைப்பது பூநாரையை அல்ல, சிறு உள்ளான்களை. சாலையோரச் சேற்றுத் திடலில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் அவை தாமாகவே அருகில் வந்துவிடும். கொசு உள்ளான் ஏறத்தாழ 25 கிராம் எடைதான். ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய நிலங்களில் கூடு கட்டிவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வருகிறது. அது தலையைக் குனிந்தபடியே ஓடி ஓடி மேற்சேற்றைக் கொத்தும். பக்கத்திலேயே உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், ஒரே கொத்து, மறுபடி ஓட்டம். ஏனெனில் அது கண்ணால் இரை தேடுவது. கீழ்நோக்கி வளைந்த அலகுடைய வளைமூக்கு உள்ளான் அப்படி அல்ல. வயிறு நனைய நீரில் நின்று அலகு முழுவதையும் சேற்றில் செருகித் தடவியே இரை எடுக்கும். ஒரே திடலில் மூன்றும் சண்டையின்றி மேய்வது இதனால்தான். நிறத்தை வைத்து இவற்றை அடையாளம் காண்பது குளிர்காலத்தில் கடினம். எல்லாமே சாம்பலும் வெள்ளையுமாகத்தான் இருக்கும். நடையையும் கொத்தும் விதத்தையும் வைத்துப் பார்த்தால் ஒரே காலையில் பழகிவிடலாம்.

இந்தப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்பது நமக்குத் தெரிந்ததற்குக் கோடியக்கரைக்கே பெரும் பங்கு உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் காலத்திலிருந்தே இங்கே வலை விரித்துப் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையமிட்டு விடுவித்து வந்திருக்கிறது. அந்த நீண்ட காலப் பதிவுகள் காட்டும் இன்னொரு செய்தி வருத்தமானது: முன்பு வந்த அளவுக்கு இப்போது உள்ளான்கள் வருவதில்லை. ஆற்று நீர் குறைந்தது, சதுப்பு தூர்ந்தது, உப்பளங்கள் விரிந்தது எல்லாம் சேர்ந்து அவற்றின் மேய்ச்சல் இடத்தைச் சுருக்கிவிட்டன. இன்று நீங்கள் காணப்போகும் கூட்டம் பெரிதாகத் தோன்றினாலும், அது எஞ்சியிருப்பதுதான் என்பதை அறிந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மாலையில் நான்கு மணிக்குப் புல்வெளிக்கு வாருங்கள். கோடியக்காட்டு வனத்துறை சோதனைச் சாவடியில் அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் பாதையில் மட்டுமே செல்ல வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் உடன் வர ஏற்பாடு செய்ய முடிந்தால் கட்டாயம் செய்யுங்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது நம் கண்ணுக்குத் தெரியாது. புல்வெளியில் ஆண் வெளிமானைத் தேடும் முன் தரையில் புழுக்கைக் குவியலைத் தேடுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுத் தன் எல்லையைக் குறிக்கும் வழக்கம் அதற்கு உண்டு. குவியல் புதிதாக இருந்தால் சொந்தக்காரர் அருகில்தான் இருப்பார். முதிர்ந்த ஆணின் முதுகு கரும்பழுப்பு, வயிறும் கண் வளையமும் வெள்ளை, கொம்பு திருகியபடி மேலே விரியும். பெண்மான்கள் அருகே வரும்போது அது மூக்கை வானத்துக்கு உயர்த்தி, கொம்பை முதுகோடு சாய்த்து, வாலை மடித்து மெல்ல நடக்கும். அந்த நடையைப் பார்த்தால் ஓர் அடிகூட முன்னே வைக்காதீர்கள். அது முடியப் பல நிமிடங்கள் ஆகும், இடையில் நாம் அசைந்தால் கூட்டமே பாய்ந்து போய்விடும். புல்லுக்குள் குட்டி தனியே படுத்திருந்தால் அது கைவிடப்பட்டது அல்ல. தாய் அப்படித்தான் ஒளித்து வைத்துவிட்டு மேயப் போகும். தொடவோ நெருங்கிப் படமெடுக்கவோ கூடாது.

கஜாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த அந்தப் புயலில் மான்களும் பறவைகளும் ஏராளமாக இறந்தன. காட்டின் முதிய மரங்கள் வேரோடு சாய்ந்தன. கோடியக்கரைக் காடு உலர் பசுமைமாறாக் காடு என்னும் அரிய வகையைச் சேர்ந்தது. கோடையிலும் இலை உதிர்க்காத பாலை மரம்தான் அதன் தலையாய மரம். அதோடு நாவல், உகா, காரை, சூரை என்று பழம் தரும் மரமும் புதருமாக நெருங்கி வளர்வது. பாலை மிக மெதுவாக வளரும் மரம். விழுந்த முதிய மரத்தின் இடத்தை இன்னொன்று பிடிக்கப் பல தலைமுறை ஆகும். அதற்குள் அந்த வெளிச்சத்தில் சீமைக் கருவேலம் நுழைந்துவிடுவதுதான் இன்றைய பெரிய கவலை. அதன் இனிப்பான காய்களை மாடுகளும் இங்கே காட்டு விலங்குபோல் திரியும் மட்டக்குதிரைகளும் தின்று, விதையைச் சாணத்தோடு புல்வெளி எங்கும் பரப்புகின்றன. மட்டக்குதிரைகள் பார்க்க அழகாக இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் வெளிமான் மேய வேண்டிய புல்லைத்தான் அவையும் மேய்கின்றன. எனவே மிச்சம் இருக்கிறதா என்ற கேள்விக்கு என் பதில்: புல்வெளியிலும் சதுப்பிலும் குறையாமல் இருக்கிறது, காட்டில் முன்பிருந்த நிழல் இல்லை. இருந்தாலும் காலையிலும் அந்தியிலும் காட்டோரம் நின்றால் ஆறுமணிக்குருவியின் இரட்டை விசில் கேட்கும், அரசவால் ஈப்பிடிப்பான் கண்ணில் படும். பொழுது சாய்ந்ததும் நரிகள் ஊளையிடத் தொடங்கும்.

கடற்கரையில் நடப்பதானால் விடியற்காலையில் ஈர மணலிலேயே நடங்கள். ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். அகலமான தடம் ஒன்று கடலிலிருந்து மேலேறித் திரும்புவதைக் காணலாம். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காத்து, குஞ்சு வெளிவந்தபின் கடலில் விடுகிறார்கள். வலையில் சிக்கி மூச்சு முட்டி இறந்த ஆமைகளும் அதே கரையில் ஒதுங்குவதுண்டு. மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இரண்டாம் நாளில் பாதியை முத்துப்பேட்டைக்குக் கொடுங்கள். அது நடைப்பயணம் அல்ல, படகுப் பயணம். ஆகவே பெரியவருக்கு மிகவும் ஏற்றது. ஜாம்புவானோடைப் பக்கமிருந்து வனத்துறையின் அனுமதியோடு படகேறினால் கோரையாற்று வழியாக அலையாத்திக் காட்டுக்குள் போய்க் காயலை அடையலாம். காவிரியின் கிளைகளான பாமணியாறு, கோரையாறு, மரைக்காக்கோரையாறு முதலியவை கடலில் சேரும் இடம் இது. கரை நெடுகச் சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும் ஆயிரக்கணக்கான குச்சிகள் அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள். காற்றில்லாத சேற்றில் வேருக்கு மூச்சுக் கொடுப்பவை அவையே. தில்லை மரமும் இங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும், ஆகவே இலை பறித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

படகில் போகும்போது மீன்முள் வடிவில் வெட்டிய வாய்க்கால்களைக் காட்டச் சொல்லுங்கள். முன்னொரு காலத்தில் விறகுக்காக இந்தக் காடு பகுதி பகுதியாக மொட்டையடிக்கப்பட்டது. வெட்டிய இடத்தில் தரை காய்ந்து சற்றே தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. உள்ளே வந்த நீர் வெளியேற வழியின்றி அங்கேயே வற்றி, உப்பு ஏறி, விதை முளைக்காமல் போயிற்று. மரம் நடுவதால் மட்டும் அந்த இடம் மீளாது, நீர் வந்து போக வேண்டும் என்று உணர்ந்து, 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டி, கடல் நீர் ஏறி வற்றும் ஏற்றவற்றத்தை உள்ளே கொண்டுவந்தார்கள். பிறகு காடு வளர்ந்தது. எனக்கு இந்த டெல்டாவில் மிகப் பிடித்த காட்சிகளில் அந்த வாய்க்கால் ஒன்று. ஆனாலும் மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் நன்னீர் இங்கே வந்து சேர்வது மிகக் குறைவு. அந்த மாதங்களில் காயல் நீர் கடலைப் போலவே உப்பாகிவிடும்.

திரும்பும் வழியில் மன்னார்குடி தாண்டி வடுவூர் ஏரியில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். ஆற்றுப் பாசன நீர் நிற்கும் ஏரி அது. நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வாத்துக்கூட்டங்கள், நீலத் தாழைக்கோழி எல்லாம் கரையிலிருந்தே தெரியும். பெரியவர் இங்கே சிரமமின்றி நடக்கலாம். வழக்கமாக ஜனவரி 28-இல் மேட்டூர் அணை மூடப்பட்ட பிறகு நீர் குறையத் தொடங்கும் என்பதால் பொங்கல் வாக்கில் போவது பொருத்தமே. முத்துப்பேட்டைக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையே உள்ள உதயமார்த்தாண்டபுரமும் இதுபோன்ற ஏரிதான். இரண்டில் ஒன்று போதும். இரண்டுமே 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை.

சில நடைமுறைச் செய்திகள். கோடியக்கரையில் கடைகள் குறைவு. குடிநீரும் காலைச் சிற்றுண்டியும் வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தங்குவதற்கு வனத்துறை விடுதியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் தங்கி விடியும் முன் கிளம்பலாம். வெள்ளை, சிவப்பு உடைகள் வேண்டாம். காவி கலந்த பழுப்போ மங்கிய பச்சையோ போதும். கருவேல முள் மெல்லிய செருப்பைத் துளைத்துவிடும் என்பதால் அடித்தோல் தடித்த ஷூ அவசியம். மேலே காய்ந்து வெடித்திருக்கும் சேற்றை நம்பிச் சதுப்புக்குள் இறங்காதீர்கள். அடியில் முழங்கால் வரை இழுக்கும். கண்ணாடி விரியனும் நாகமும் உள்ள இடம். இருட்டியபின் டார்ச் இல்லாமல் ஓர் அடியும் எடுத்து வைக்க வேண்டாம். கடி ஏதும் நேர்ந்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் செய்யாமல் நேரே வேதாரண்யம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதும், பூநாரை பறப்பதைப் படமெடுக்கக் கையைத் தட்டுவதும் செய்யக்கூடாதவை. நெடுந்தூரம் பறந்து வந்த உயிர் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சேர்த்து வைத்த கொழுப்பைச் செலவிடுகிறது.

அப்பாவுக்காக மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துச் செல்லுங்கள். சாலையோரம் நிழலில் அவர் உட்கார்ந்திருக்க, நீங்களும் மகளும் திடலை ஒட்டி முன்னும் பின்னும் நடக்கலாம். புறப்படும் வாரத்தில் மழை வலுத்தால் வரிசையை மாற்றி, முதல் நாள் வடுவூரும் முத்துப்பேட்டையும், நீர் சற்று வடிந்தபின் கோடியக்கரையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.